ரத்த தானம் செய்பவர்களுக்கு என்ன கொடுத்துக் கௌரவிப்பது? கூப்பன், வெள்ளிக் காசு, சால்வை பற்றி ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான். ஒரு சின்ன ஊரில் இளைஞர்கள் சேர்ந்து ரத்த தானக் குழு நடத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு குரூப், வருஷத்துக்கு நாலைந்து முகாம். வருகிற அக்டோபர் 1 அன்று விழா எடுத்து, ரத்தம் கொடுப்பவர்களையும் கூட நின்று வேலை பார்ப்பவர்களையும் கௌரவிக்க நினைக்கிறார்கள். ஒரு நகைக்கடைக்காரர் செலவை ஏற்கத் தயாராக இருக்கிறார். 25 முறைக்கு மேல் கொடுத்தவர்களுக்கு வெள்ளிக் காசு, அன்றைக்கு முகாமில் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் 500 ரூபாய் கூப்பன், எல்லாருக்கும் சால்வை. இது சரியா, வேறு யோசனை இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். கூப்பனை விட்டுவிடுங்கள். வெள்ளிக் காசையும் விட்டுவிட்டால் நல்லது. சால்வை உங்கள் இஷ்டம். ஆனால் இந்த ஊரில் யார் வீட்டு பீரோவைத் திறந்தாலும் மேல்தட்டில் நாலு சால்வை பாலித்தீன் பிரிக்காமல் கிடக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக இந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் என் கருத்து, ஒருவரைக் கௌரவிப்பது என்றால் முதலில் அவர் என்ன செய்தார் என்று நமக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அப்புறம் அடுத்த தடவை அவர் அதைச் செய்யும்போது படும் சிரமத்தில் கொஞ்சத்தையாவது நாம் குறைக்க வேண்டும். பொருள் மூன்றாவதுதான்.

கூப்பன் ஏன் கூடாது? அது பணம், அவ்வளவுதான். ரத்தத்துக்குப் பணம் கொடுப்பது இந்தியாவில் 1998 ஜனவரி 1 முதல் தடை. அதற்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி 'புரொஃபஷனல் டோனர்' என்று ஒரு கூட்டமே இருந்தது, இன்றைய இளைஞர்கள் பலருக்கு இது தெரியாது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களும் போதைக்கு அடிமையானவர்களும் அடிக்கடி வந்து விற்பார்கள், நடுவில் புரோக்கர் கமிஷன் அடிப்பார். 'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. இரண்டு வருஷத்துக்குள் இந்த விற்பனையை ஒழிக்க வேண்டும் என்றது. தேசிய ரத்தமாற்றுக் குழுமம் உருவானதே அந்தத் தீர்ப்பால்தான்.

சட்டம் இருக்கட்டும், காரணத்தைப் பாருங்கள். எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து பரிசோதனை கட்டாயம். ஆனால் தொற்று உடலுக்குள் வந்த ஆரம்ப நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் சிக்காத ஒரு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பாற்றுவது, ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் கேட்கிறார்களே, காய்ச்சல் வந்ததா, மஞ்சள் காமாலை இருந்ததா, ஒரு வருஷத்துக்குள் பச்சை குத்தினீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று, அந்தத் தாளுக்கு அவர் சொல்லும் உண்மையான பதில் மட்டும்தான். கைக்கு 500 ரூபாய் வரும் என்றால் அன்றாடக் கூலிக்குப் போகும் ஒருவர் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 500 ரூபாய் அவருக்குப் பெரிய காசு. அந்த நிலைமையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது நாம்தான் என்று ஆகிவிடும்.

அப்படியானால் ஒன்றுமே கொடுக்கக் கூடாதா என்றால், கொடுக்கலாம். சின்ன நினைவுப் பொருள், கொடுத்து முடித்ததும் சாப்பிடவும் குடிக்கவும் ஏதாவது, வந்து போன செலவு, இவை தன்னார்வ தானத்துக்கு முரண் ஆகாது என்று 1991-லேயே சர்வதேச அளவில் ஒப்புக்கொண்டாகிவிட்டது. நான் வைத்திருக்கும் சோதனை எளிது: இதைக் கடையில் நீட்டி இன்னொன்று வாங்க முடியுமா, அடகு வைக்க முடியுமா? முடியும் என்றால் அது வேண்டாம். உங்கள் வெள்ளிக் காசு இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. அந்த நகைக்கடைக்காரர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் அது அவர் கடைக்கே திரும்பி வரக்கூடிய பொருள்.

இதிலேயே இன்னொரு சங்கடம் இருக்கிறது, விழா இல்லாத நாளிலும் வருவது. ராத்திரி ஒரு மணிக்கு ஓடிவந்து கொடுத்துவிட்டுப் படியிறங்கும் பையனின் சட்டைப் பையில் நோயாளியின் அப்பா ஒரு நோட்டைத் திணிப்பார். "தம்பி, வேண்டாம்னு சொல்லக்கூடாது, செலவுக்கு வச்சுக்கோங்க." அவர் கண் கலங்கி நிற்கும்போது வேண்டாம் என்று சொல்வது பையனுக்குக் கஷ்டம். அதனால் இதை அவன் தலையில் போடாதீர்கள். தேவை என்று அழைக்கும் குடும்பத்திடம் ஒருங்கிணைப்பாளரே முதல் போனில் சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, வர்ற தம்பிக்குக் காசு எதுவும் கொடுக்காதீங்க, ஒரு இளநீர் வாங்கிக் கொடுங்க போதும்." இந்த ஒரு வாக்கியம் பல சங்கடங்களைத் தவிர்த்துவிடும். வெகுதூரத்தில் இருந்து வருகிறவர் என்றால் பஸ் கட்டணத்தையோ பெட்ரோல் காசையோ குழுவின் கணக்கில் இருந்து கொடுங்கள், நோயாளி வீட்டுக் கையால் வேண்டாம்.

சரி, பரிசு வேலை செய்யுமா செய்யாதா என்று வெளிநாடுகளில் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். சுவீடனில் கோதன்பர்க் நகரத்தில் நடந்து 2008-இல் வெளியான ஒரு ஆய்வு பிரபலம். அதுவரை ரத்தம் கொடுக்காத மாணவர்களிடம், கொடையாளராகச் சேர உடல் பரிசோதனைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள். சும்மா கேட்டபோது பெண்களில் 52 சதவீதம் பேர் சரி என்றார்கள். 50 குரோனர் (சுவீடன் பணம்) தருகிறோம் என்றதும் அது 30 சதவீதமாக இறங்கிவிட்டது. வேண்டுமானால் அந்தப் பணத்தை ஒரு நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதும் மறுபடி 53. ஆண்களிடம் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு 'பரிசு கொடுத்தால் கெட்டுப்போகும்' என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. ஸ்விட்சர்லாந்தில் லாட்டரிச் சீட்டு கொடுத்துப் பார்த்தார்கள், கூட்டம் கூடியது. இலவசமாகக் கொலஸ்ட்ரால் பரிசோதனை என்றார்கள், யாரும் அசையவில்லை. அமெரிக்காவில் ஒஹையோவின் வடபகுதியில் ஆயிரக்கணக்கான முகாம்களின் கணக்கை எடுத்துப் பார்த்ததில், டீ-ஷர்ட், கூப்பன் போன்றவை கொடுத்த முகாம்களுக்கு ஆள் அதிகம் வந்தது உண்மைதான், ஆனால் அதில் கணிசமானவர்கள் பக்கத்தில் நடந்த வேறு முகாமுக்குப் போக வேண்டியவர்கள். மொத்தக் கணக்கில் அவ்வளவு லாபம் இல்லை, இங்கே கூடியது அங்கே குறைந்தது. நம் ஊரிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை நாலு அமைப்புகள் முகாம் போட்டு, யார் ஹாட் பாக்ஸ் கொடுக்கிறார்கள் என்று விசாரித்துப் பசங்கள் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எனக்கு இவற்றில் மிக உபயோகமாகப் பட்டது இத்தாலியில் ஒரு ஊரின் கொடையாளர்களை வைத்துச் செய்தது. அங்கே இத்தனை முறை கொடுத்தால் இந்தப் பதக்கம் என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை நெருங்கும்போது ஆட்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து கொடுக்கிறார்கள். ஆனால் எல்லாப் பதக்கத்துக்கும் அல்ல. ஊர் கூடிய விழாவில் கொடுத்து, உள்ளூர் பத்திரிகையில் பெயரும் வரும் பதக்கங்களுக்கு மட்டும்தான். தபாலில் வரும் பதக்கத்துக்கு அந்த வேகம் இல்லை. நாலு பேர் பார்க்கக் கிடைக்கும் மரியாதைக்கு மதிப்பு உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்ததே, அதில் ஒரு பைசா கிடையாது. ஆனால் அதிகாரி வீட்டு வாசலுக்கு வந்து மாலை வைப்பதைத் தெருவே பார்க்கிறது. அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே விழா எடுங்கள். எப்படி எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமான பாராட்டு விழா எப்படி நடக்கும்? ஐந்து மணி என்று அழைப்பிதழில் போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் ஏழு மணிக்கு வருவார். குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, எல்லாருக்கும் எல்லாரும் சால்வை போர்த்தி முடிக்கவே ஒன்பது ஆகிவிடும். பிறகு பெயரை மளமளவென்று வாசித்து, ஐந்து ஐந்து பேராக மேடையேற்றி, ஷீல்டை வாங்குகிறவர் கொடுப்பவரைப் பார்ப்பார், கொடுப்பவர் கேமராவைப் பார்ப்பார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சர்டிபிகேட்டில் இனிஷியல் தப்பு. அதற்குள் நம் தன்னார்வலர்கள் கூடத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களைப் பாராட்டத்தான் அந்த விழாவே.

இதை மாற்றுவதற்குப் பெரிய செலவு இல்லை. மேடையேறும் ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று வரி எழுதி வையுங்கள், அவ்வளவுதான். 'இதுவரை 31 முறை ரத்த தானம் செய்த கொடை வள்ளல்' என்று எல்லாருக்கும் ஒரே வாசகம் வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒரு ஆட்டோ ஓட்டுநர் இருக்கிறார். அவரை மேடைக்கு அழைத்தபோது அறிவிப்பாளர் சொன்னது, "தீபாவளிக்கு முந்தின ராத்திரி, அந்த ஒரு நாள்தான் வருஷத்திலேயே சவாரி கொட்டும், அன்னைக்கு ஓ நெகட்டிவ் வேணும்னு போன் வந்ததும், 'இவங்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிட்டு வந்துடுறேன்'னு சொல்லி இருபது நிமிஷத்தில் வந்து நின்றவர்." கீழே உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு அதுவரை அந்தக் கதை தெரியாது. தீபாவளி வசூல் ஏன் குறைந்தது என்று அப்போதுதான் தெரிந்தது என்று பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த மூன்று வரிக்கு எந்த ஷீல்டும் ஈடாகாது. ஒன்றே ஒன்று, நோயாளி யார், என்ன நோய், எந்த வார்டு, எந்த ஊர் என்று அடையாளம் தெரியும்படி எதையும் சொல்லிவிடக் கூடாது, மேடையில் மட்டுமல்ல, குரூப்பிலும் போடக் கூடாது. அதேபோல் பிளெக்ஸில் கொடையாளரின் போன் நம்பரைப் போடவே கூடாது.

குடும்பத்தை அழையுங்கள். இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ரத்தம் கொடுத்தால் உடம்பு போய்விடும் என்று பயப்படுகிற அம்மாவும், "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று கேட்கிற அப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டால், அடுத்த தடவை ராத்திரி போன் வரும்போது வாசலில் யாரும் மறிக்க மாட்டார்கள். விருந்தினர் யாராக இருந்தாலும் முன்வரிசை குடும்பத்துக்கு. விருந்தினரிடம் நாற்பது நிமிஷம் என்று முன்பே சொல்லி வையுங்கள், அவர் வராவிட்டாலும் நேரத்துக்குத் தொடங்குங்கள். வயதில் மூத்த கொடையாளர் ஒருவர் கையால் இளையவர்களுக்குக் கொடுக்கச் செய்தால் விருந்தினரே தேவையில்லை என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம்.

இனி உங்கள் '25 முறை' கணக்கு. எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கௌரவித்தால் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்று யோசித்தீர்களா? நம் நாட்டு விதிப்படி ஆண் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண் நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் கொடுக்க முடியும். ஒரு முறைகூடத் தவறாமல் கொடுத்தாலும் 25-ஐத் தொட ஆணுக்கு ஆறு வருஷம், பெண்ணுக்கு எட்டு வருஷம். கர்ப்பம், பிரசவம், பால் கொடுக்கும் காலம் எல்லாம் இதற்கு மேல். அப்புறம் ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் எடுப்பார்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக உங்கள் வெள்ளிக் காசுப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள், ஒரு பெண் பெயர்கூட இருக்காது. போலந்தில் சிறப்புக் கொடையாளர் பட்டத்தின் மிக உயர்ந்த நிலைக்கு ஆணுக்கு 18 லிட்டர், பெண்ணுக்கு 15 லிட்டர் என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படி வைக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இன்னும் இருக்கிறது. மெஷின் வழியாகத் தட்டணு (பிளேட்லெட்) மட்டும் கொடுப்பவருக்கு வருஷத்துக்கு 24 முறை வரை அனுமதி உண்டு, முழு ரத்தம் கொடுக்கும் ஆணுக்கே நாலுதான். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் எப்படி? ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1,173 முறை கொடுத்து, 81 வயதில் வயது வரம்பு காரணமாக 2018-இல் நிறுத்தினார், 2025-இல் காலமானார். அந்த எண்ணைக் கேட்டு நம் பசங்கள் வாய் பிளக்கிறார்கள். அதில் பெரும்பகுதி பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, அதை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க அங்கே அனுமதி. குழந்தையைக் காப்பாற்றச் சில கர்ப்பிணிகளுக்குப் போடும் ஆன்டி-டி ஊசிக்கு அவர் பிளாஸ்மா பயன்பட்டது என்பதுதான் அவருடைய பெருமை, எண் இரண்டாம்பட்சம். இதற்கு நேர் எதிராக, பாம்பே குரூப் ரத்தம் உள்ள ஒருவரை நினைத்துப் பாருங்கள். 1952-இல் பம்பாயில் கண்டுபிடித்த அரிய வகை அது, அந்த வகைக்காரருக்கு அதே வகை மட்டும்தான் சேரும். அவரைச் சும்மா முகாமில் கொடுக்கச் சொல்ல மாட்டார்கள், தேவை வரும்போது கூப்பிடுவார்கள், ராத்திரியோடு ராத்திரியாக இன்னொரு மாவட்டத்துக்கு பஸ் ஏறிப் போவார். பத்து வருஷத்தில் மூன்று முறைதான் கொடுத்திருப்பார். உங்கள் பட்டியலில் அவருக்கு இடமே இல்லை.

எண்ணிக்கையைத் துரத்த ஆரம்பித்தால் வரும் ஆபத்தும் தெரிந்திருக்க வேண்டும். 24 கொடுத்தவர் விழாவுக்குள் 25-ஐ முடித்துவிட வேண்டும் என்று, 90 நாள் ஆகாமலே, போன வாரம் காய்ச்சல் இருந்ததை மறைத்து, வேறு பிளட் பேங்க்கில் போய்ப் படுத்துவிடுவார். பணத்துக்காகச் சொல்லும் பொய்யும் ஷீல்டுக்காகச் சொல்லும் பொய்யும் நோயாளிக்கு ஒன்றுதான்.

அதனால்தான் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறேன். முகாமில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். காலேஜ் பெண் ஒருத்தி தோழிகளோடு முதல் முறையாக வருவாள். விரலில் குத்திப் பார்த்தால் 11.4. "உனக்கு ரத்தமே இல்லைம்மா, நீ எங்க கொடுக்கப்போற" என்று டெக்னீஷியன் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். மற்றவர்கள் ஜூஸும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டு செல்ஃபி எடுக்கும்போது அவள் ஓரமாகப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இனி அவள் எந்த முகாமுக்கும் வர மாட்டாள். இவளுக்கும் அதே ஜூஸ், அதே பேட்ஜ் கொடுங்கள். ஒரு சீட்டில் ஹீமோகுளோபின் எண்ணை எழுதி, டாக்டரைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை எடுக்கச் சொல்லி, மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று என்று ஒரு போன் பண்ணுங்கள். சரியாகிவிட்டது என்றால் உங்களுக்கு இருபது வருஷத்துக்கு ஒரு கொடையாளர் கிடைத்தார். தன்னைப் பற்றி உண்மையைச் சொன்னதால் திரும்பிப் போனவர்களும் இதே மரியாதைக்கு உரியவர்கள். "மூன்று மாதத்துக்கு முன்தான் பச்சை குத்தினேன்" என்று தானே சொல்லி எழுந்து போகும் பையன் ஒரு நோயாளியைக் காப்பாற்றியிருக்கலாம், அவனை மேடையில் ஏற்றிப் பாராட்டும் குழு இன்னும் என் கண்ணில் படவில்லை.

ஊசி போட்டுக்கொள்ளாத தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். எங்கள் குழுவின் முதுகெலும்பு ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். அவருக்கு வயது 65-ஐத் தாண்டிவிட்டது, ரத்தம் கொடுக்க முடியாது. அவர் வேலை போன். காலை ஆறு மணிக்கு ஒரு அழைப்பு, மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்ததும் ஒன்று, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒன்று. நோயாளி பெயர், ஆஸ்பத்திரி, எத்தனை யூனிட், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டின் போட்டோ என்று சரிபார்த்து, நோட்டைப் புரட்டி, யாருக்கு 90 நாள் முடிந்தது என்று பார்த்து, ஒவ்வொருவராக அழைப்பார். இப்படிப்பட்டவருக்கு இன்னொரு ஷீல்டு கொடுத்து என்ன செய்வது? "அக்கா, உங்களுக்கு எது பெரிய தொந்தரவு?" என்று கேட்டோம். ராத்திரிப் போன்தான் என்றார். இரண்டு இளைஞர்கள் முறை வைத்துக்கொண்டு இரவு பத்து முதல் காலை ஆறு வரை அழைப்பை எடுக்கிறார்கள், குழுவுக்கென்று தனி சிம். அவருக்கு நாங்கள் செய்த மரியாதைகளில் இதைத்தான் அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஆட்களிடமும் கேளுங்கள், பதில் பெரும்பாலும் ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: ஒரு பவர் பேங்க், முகாம் அன்று மத்தியானச் சாப்பாடு, வேனை ஓட்டுகிறவருக்கு டீசல் காசு தாமதமில்லாமல்.

வாட்ஸ்அப் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'மிக அவசரம், பி நெகட்டிவ், 2 யூனிட்' என்று ஒரு செய்தி கிளம்பும். ஒருவர் போய்க் கொடுத்துவிடுவார். நோயாளியின் உறவினர் அதற்குப் பிறகு போனையே எடுக்க மாட்டார், அவர் கவலை அவருக்கு. செய்தி மட்டும் ஆறு மாதம் சுற்றும். கொடுத்தவருக்கோ அந்த ரத்தம் போய்ச் சேர்ந்ததா, ஆள் பிழைத்தாரா என்று ஒன்றும் தெரியாது. சுவீடனில் உங்கள் ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்ட அன்று உங்கள் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். யாருக்கு, எங்கே என்று இருக்காது, பயன்பட்டது என்று மட்டும் இருக்கும். நம்மால் பிளட் பேங்க்கின் கணினிக்குள் போக முடியாது, ஆனால் நாம் அனுப்பியவர் விஷயத்தில் இதைச் செய்ய முடியும். மறுநாள் குடும்பத்துக்கு ஒரு போன், பிறகு கொடுத்தவருக்கு ஒரு வரி: "நேத்து நீங்க போனது நடந்துடுச்சு தம்பி, ஆபரேஷன் முடிஞ்சுது, நல்லா இருக்காங்களாம்." நல்ல செய்தி இல்லை என்றாலும் மறைக்காமல், பக்குவமாகச் சொல்லுங்கள். குரூப்பில் 'கிடைத்துவிட்டது, பகிர வேண்டாம்' என்று உடனே போடுங்கள். ஒரு வருஷம் இதை ஒழுங்காகச் செய்யும் குழுவில் ஆட்கள் விலகுவது கண்ணெதிரே குறையும், இதற்குச் செலவு பூஜ்யம்.

எதைப் பாராட்டுகிறோமோ அதுதான் பெருகும் என்பதால் எந்த மாதத்தில் கொடுத்தவரைப் பாராட்டுவது என்றும் யோசிக்கலாம். தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள் என்றால் ஒரே நாளில் முந்நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். எடுத்து வைத்த ரத்தத்தில் சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் இருக்கும், தட்டணு வெறும் 5 நாள். பிறகு ஏப்ரல், மே வரும். காலேஜ் விடுமுறை, வெயில், என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பசங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், பிளட் பேங்க் காய்ந்து கிடக்கும். பொங்கல், தீபாவளி வாரங்களும் இப்படித்தான். மே மாதத்தில் கொடுத்தவர்களுக்கென்று தனியாக ஒரு பேட்ஜ் செய்யுங்கள். வெயில் படம் போட்டு அடித்தால் ஒன்று இருபது, முப்பது ரூபாய்தான் ஆகும். அதை ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டு சுற்றுவார்கள் பாருங்கள். கூடவே, பிறந்தநாள் முகாமை மே மாதத்துக்கு மாற்றிவைக்க ஒப்புக்கொண்ட ரசிகர் மன்றத்தையும் மேடைக்குக் கூப்பிடுங்கள், அது சின்ன விஷயமில்லை.

மாணவர்களுக்கு வேறு கணக்கு. என்எஸ்எஸ்-இல் வருஷத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் என்று இருக்கிறது, அந்தச் சர்டிபிகேட் கல்லூரி கொடுக்கும். நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு பக்கக் கடிதம். 'சிறப்பாகச் சேவையாற்றினார்' என்று எழுதினால் வேலைக்கு எடுப்பவர் அதைப் படிக்கவே மாட்டார். 'நாலு முகாமுக்குப் பதிவுப் பிரிவைப் பார்த்துக்கொண்டார், 600 பேரின் விவரத்தைக் கணினியில் ஏற்றினார், அவசர அழைப்பு வந்தால் பத்து நிமிஷத்துக்குள் கொடையாளரை இணைத்துக் கொடுத்தார்' என்று நடந்ததை எழுதுங்கள், கீழே உங்கள் போன் நம்பரோடு. யாராவது அழைத்துக் கேட்டால் பொறுமையாகப் பேசுங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தக் கடிதம் வெள்ளியைவிடப் பெரிது.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு கடிதம் உதவும், அவருக்கு அல்ல, அவருடைய முதலாளிக்கு. மத்திய அரசு ஊழியர் வேலை நாளில் ரத்தம் கொடுத்தால் அன்றைக்குச் சிறப்பு விடுப்பு உண்டு, வருஷத்துக்கு நாலு முறை வரை. இத்தாலியில் சம்பளத்தோடு ஒரு நாள் விடுமுறை சட்டத்திலேயே இருக்கிறது. மில்லில் ஷிப்ட் பார்க்கும் நம் பையனுக்கு எதுவும் இல்லை, கொடுத்துவிட்டு நேராக நைட் ஷிப்டுக்குப் போய் நிற்கிறான். மேனேஜருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள், 'உங்கள் தொழிலாளர் இன்ன தேதி இரவு ஒரு உயிருக்கு உதவினார், அனுப்பி வைத்த உங்களுக்கும் நன்றி' என்று. சில மேனேஜர்கள் அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஷிப்ட் மாற்றிக் கொடுப்பது அதற்குப் பிறகு சுலபமாகிவிடுகிறது. எல்லா இடத்திலும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக உங்கள் ஸ்பான்சர் பணம். என்னிடம் கொடுத்திருந்தால், முதலில் ஹீமோகுளோபின் மீட்டர் ஒன்றும் அதற்கான ஸ்ட்ரிப்பும் வாங்குவேன், அதை இயக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியனையும் கூடவே பிடித்து, கல்லூரிப் பெண்களுக்கு முகாமுக்கு மூன்று மாதம் முன்பே பார்த்துவிடலாம். அடுத்து குழுவின் போனுக்கும் பயணச் செலவுக்கும் ஒரு வருஷத்துக்கு ஒதுக்குவேன். மீதியில் நல்ல துணியில் டீ-ஷர்ட், முதல் தடவை துவைத்ததும் சாயம் போகிற ரகம் வேண்டாம். விழா அன்று வரும் எல்லாருக்கும் உட்கார்ந்து சாப்பிட இலை போட்டுச் சாப்பாடு, பரிமாறுவது ஊர்ப் பெரியவர்களும் நிர்வாகிகளும். தன்னார்வலர் யாரும் அன்று வாளியைத் தூக்கக் கூடாது. நகைக்கடைக்காரரிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார், வியாபாரிக்குக் கணக்கு புரியும். அவர் கடைப் பெயரை டீ-ஷர்ட் முதுகில் தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும், முன்பக்கம் ரத்த வகையைப் பெரிதாகப் போடுங்கள். பெயர்ப் பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொருவருக்கும் அனுப்பி இனிஷியல் சரியா என்று கேட்டுவிடுங்கள்.